மேல் ஓரம் கிழித்த பேப்பர்

வேப்பனப்பள்ளி
14-4-2003

அன்புள்ள அண்ணிக்கு பூங்கொடி எழுதறது. இங்க நான், அப்பா, ரெண்டு மாடு எல்லாரும் சௌக்கியம். அங்க நீங்க, அண்ணன், அஸ்வின் குட்டி சௌக்கியமான்னு எழுதுங்க. அண்ணனோட இருமல் விட்டுதா?

மாங்கா மண்டி திறந்தாச்சு. இந்த வருசமும் கங்கப்பன் மண்டியிலதான் பெட்டி கட்டறேன். போன் பண்ணலாம்னா அது அவரு மேசை மேலயே இருக்குது. நான் "அலோ"ன்னாலே பத்துப் பேரு வேலையை நிறுத்திட்டுக் காதைத் தீட்டிக்கறாங்க. அதான் கடுதாசி. நீங்களும் மண்டி விலாசத்துக்கே போடுங்க. வீட்டுக்குப் போட்டா அப்பா வாங்கி மாடத்துல வச்சிட்டு, ரெண்டு நாளைக்கு என் மூஞ்சைப் பார்க்கமாட்டாரு.

அப்பா கூத்தைக் கேளுங்க. பெட்டிக்குள்ள போட பழைய பேப்பர் கட்டு கட்டா வந்து இறங்குது. காம்புல வடியற பால் கையில பட்டா புண்ணாயிடும் இல்லீங்களா, அதைத் துடைக்க ஒவ்வொரு பேப்பர்லயும் மேல் ஓரத்தை ஒரு விரக்கடை கிழிச்சிக்குவோம். தேதி அதோட போயிடும். மத்தியானம் எனக்குக் களி கொண்டாந்து குடுக்கற அப்பா, அந்தக் கட்டு மேலயே உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துப் படிக்கறாரு. எல்லாம் இன்னைக்கு நடந்த மாதிரியே பேசறாரு.

போன வாரம் "வங்கக் கடலில் புயல் சின்னம், மூன்று நாள் கனமழை"ன்னு ஒண்ணு. பங்குனி வெயில் மண்டையைப் பிளக்குது, இவரு காயப்போட்ட புளியை வாரி உள்ள கொட்டி, கூரை மேல தார்ப்பாய் கட்டி, மாட்டைக் கொட்டாய்ல பூட்டிட்டாரு. அதோட நின்னாரா? பக்கத்து வீட்டு ராஜப்பன் பொண்ணு சடங்குக்குப் போட்ட பந்தலையும் பிரிக்க வச்சிட்டாரு. சடங்கன்னைக்கு அத்தனை சனமும் வெயில்ல வெந்துச்சு. ராஜப்பன் பொண்டாட்டி திட்டின திட்டு உங்களுக்கு எழுத முடியாது.

அண்ணனுக்குப் படிச்சுக் காட்டுங்க. சிரிப்பாரு.

இப்படிக்கு,
பூங்கொடி


ஓசூர்
5-5-2003

பிரியமுள்ள பூங்கொடிக்கு அண்ணி எழுதுறது. நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். இருமல் விட்டுருச்சு. உன் உடம்பைப் பாத்துக்கோ. பால் பட்ட கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவு, உங்க ஊர்க் கண்ட இலையையும் வச்சுக் கட்டாதே.

உன் கடிதாசியைப் படிச்சு உங்க அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாக. வேலை நெருக்கடி, ஓவர்டைம் வேற. அதான் பதில் போடத் தாமதம்.

சிரிச்சு முடிச்சிட்டு, "அவரு பேப்பர்ல இருக்கறதைப் பூரா நம்புவாரு, பெத்த பிள்ளையைத்தான் நம்ப மாட்டாரு"ன்னு சொன்னாக. நாலு வருசமாச்சு பூங்கொடி. நிலத்தை விட்டுட்டுக் கம்பெனிக்குப் போறேன், அருப்புக்கோட்டைக்காரியைக் கட்டிக்கிறேன்னு இவுக ஒரே நாள்ல ரெண்டையும் சொன்னது தப்புத்தான். ஆனா மாமா சொன்ன வார்த்தையை இவுக மறக்கவே இல்லை. "கம்பெனிக்காரன் ஒரு நாள் கேட்டைச் சாத்துவான். அன்னைக்கு என் வாசல்ல வந்து நிக்காதே." தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அட்சரம் பிசகாமச் சொல்லுவாக.

சரி விடு. அஸ்வின் இப்ப மூணு பாசை பேசுறான். என்கிட்டத் தமிழு, வீட்டுக்காரம்மாகிட்டக் கன்னடம், எதுத்த வீட்டுல தெலுங்கு. எதுலயும் அடங்க மாட்டேங்கிறான்.

அன்புடன் அண்ணி,
ராஜலட்சுமி


வேப்பனப்பள்ளி
2-6-2003

அன்புள்ள அண்ணிக்கு, இங்க எல்லாரும் நல்லா இருக்கறோம். காரி மாடு கன்னு போட்டுது, கிடேரி. அங்க எல்லாரும் நலந்தானே?

இப்ப அப்பா பெரிய மனுசன் ஆயிட்டாரு அண்ணி. எப்பிடின்னு கேளுங்க. "எல்லையில் தமிழக லாரிகள் நிறுத்தம், டிரைவர்கள் தவிப்பு"ன்னு ஒரு பேப்பரைப் படிச்சிட்டு, நேரா கங்கப்பன்கிட்டப் போயி, "பெங்களூருக்கு லோடு அனுப்பாத, அத்திப்பள்ளியில மடக்கிடுவான்"னு சொல்லிட்டாரு. அது போன வருசம் காவேரித் தகராறு அப்ப வந்த சேதி. கங்கப்பனும் பயந்துக்கினு, ஒரு லாரி தோத்தாபுரி மாங்காயைக் கிருஷ்ணகிரி ஜூஸ் ஃபேக்டரிக்குத் திருப்பிட்டாரு. சாயங்காலம் விசாரிச்சா பார்டர்ல ஒரு ஈ காக்கா இல்லை. "முசலோடு, இந்தக் கிழவன் என்னை முழுகடிச்சுட்டான்"னு கங்கப்பன் தெலுங்கும் தமிழும் கலந்து குதிச்சாரு பாருங்க!

மறுநாள் சேதி வருது. பெங்களூரு மார்க்கெட்ல ராத்திரி பூரா மழை, எல்லாருமே லோடு இறக்கி, பழத்தை வாங்க ஆளில்லாம ரோட்டுல கொட்டிட்டாங்களாம். நம்ம லோடு ஒண்ணுதான் தப்பிச்சது. அன்னையிலருந்து கங்கப்பன் தினமும் அப்பாவுக்கு டீ சொல்லி, "ஈரோஜு பேப்பர்லோ ஏமுந்தி, பெரியதம்பி, இன்னைக்கு என்ன சேதி?"ன்னு கேக்கறாரு. அப்பாவும் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கினு படிக்கறாரு. வயித்தெரிச்சலா இருக்குது.

நாளைக்கு ஓசூர் பஸ்ல கண்டக்டர்கிட்ட ஒரு பெட்டி செந்தூரா குடுத்து விடறேன். ஷிப்ட் முடிஞ்சு வரும்போது அண்ணனை பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கச் சொல்லுங்க. அப்பாவுக்குத் தெரியாமத்தான் கட்டினேன். ஆனா நான் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள பெட்டியில நாலு பழம் கூட இருந்துது. யாரு வச்சாங்கன்னு நான் கேக்கலை.

இப்படிக்கு,
பூங்கொடி


ஓசூர்
12-6-2003

பிரியமுள்ள பூங்கொடிக்கு, நலம். பழம் வந்து சேந்துச்சு. ஒண்ணுகூட அடிபடலை. அஸ்வின் சட்டையெல்லாம் மஞ்சள். தினமும் மத்தியானம் உங்க அண்ணன் அவனை மடியில வச்சு நறுக்கிக் குடுத்தாக, கொட்டையை யாரு சப்புறதுன்னு ரெண்டு பேருக்கும் சண்டை.

வேற விசேசம் இல்லை. கன்னுக்குட்டிக்கு என்ன பேரு வச்சீங்க?

அண்ணி,
ராஜலட்சுமி


வேப்பனப்பள்ளி
18-6-2003

அன்புள்ள அண்ணிக்கு, எல்லாரும் சௌக்கியம். கன்னுக்குப் பேரு பவளம்.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. தினமும் மத்தியானம் அண்ணன் எப்பிடி வீட்டுல இருந்தாரு? நைட் ஷிப்ட்டா? நைட் ஷிப்ட்னா தூங்கணுமே, இருமல்காரரு.

சும்மாதான் கேட்டேன். இங்க தினமும் ஒரு கூத்து. "தக்காளி விலை கிடுகிடு உயர்வு"ன்னு எந்தக் காலத்துப் பேப்பரையோ படிச்சிட்டு, தோட்டத்துல இருந்த தக்காளி பூரா பறிச்சுக்கினு ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போனாரு. அங்க அதை மாட்டுக்குப் போட்டுக்கினு இருக்காங்க. கூடையைத் திருப்பி எடுத்துக்கினு வந்து, "அவங்கெல்லாம் பேப்பரே படிக்கறதில்லை போல"ங்கறாரு. ஒரு வாரமா எங்க வீட்டுல தக்காளித் தொக்கு, தக்காளி ரசம், தக்காளிக் கடைசல்.

பதில் போடுங்க அண்ணி.

பூங்கொடி


வேப்பனப்பள்ளி
6-7-2003

அன்புள்ள அண்ணிக்கு, உங்ககிட்டருந்து பதிலே இல்லை. உடம்பு கிடம்பு சரியில்லையா? அஸ்வின் நல்லா இருக்கறானா? எனக்கு மனசு ஒரு நிலையில இல்லை.

இந்தக் கடுதாசி அவசரம். அப்பா ஒரு வாரமாவே சரியில்லை. டீயைக் குடுத்தா ஆற விடறாரு. கங்கப்பன் கேட்டாலும் சேதி படிச்சுச் சொல்றதில்லை. பேப்பர் கட்டைப் பிரிக்கறாரு, புரட்டறாரு, தள்ளறாரு, அடுத்த கட்டு. மண்டி பூரா பேப்பர் பறக்குது. "நீ படிக்க வந்தியா, என் மண்டியைக் குப்பையாக்க வந்தியா?"ன்னு கங்கப்பனே கத்திட்டாரு.

நேத்து ஒரு பேப்பரை எடுத்துக்கினு எழுந்து நின்னுட்டாரு. "ஓசூரில் தொழிற்சாலைக்குப் பூட்டு, தொழிலாளர்கள் நடுத்தெருவில்." அதைச் சத்தமாப் படிச்சாரு. "பார்த்தியா, போட்டுட்டான்"னாரு. கையில இருந்த பெட்டியைப் போட்டுட்டு ஓடினேன் அண்ணி. பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்னாடி ஒரு ஜவுளிக்கடை விளம்பரம், "பிறக்கப்போகும் 2000-க்கு எங்கள் பரிசு"ன்னு. நாலு வருசத்துக்கு முந்தின பேப்பரு! சொன்னேன். "நீ சும்மா இரு"ன்னு ஒரே அதட்டு.

கங்கப்பன் லாரி பெங்களூரு போகுது, அதுல ஓசூர்ல இறங்கி அப்பா அண்ணனைப் பார்க்கப் போறாராம். ராகி மூட்டை கட்டி வச்சிட்டாரு. வந்தாருன்னா அண்ணன் யூனிஃபார்மோட கம்பெனி கேட்டுலயே நிக்கட்டும். வேலை இருக்குதுன்னு கண்ணால பார்த்தாத்தான் இந்த மனுசன் வாயை மூடுவாரு.

பூங்கொடி


ஓசூர்
8-7-2003

பூங்கொடி,

இதைக் கண்டக்டர் கையில குடுத்து விடுறேன். நலம் விசாரிக்க நேரமில்லை. எப்படியாவது மாமாவை நிறுத்து.

கம்பெனியை மாசி மாசமே மூடிட்டாக. அந்தப் பேப்பர்ல இருக்குற கம்பெனி வேற, இது வேற. ஒரு நாள் காலையில போனாக, கேட்டுல பூட்டு, ஒரு நோட்டீசு. அவ்வளவுதான். நான் எழுதுன ஓவர்டைம் எல்லாம் பொய். உங்க அண்ணன்தான் எழுதச் சொன்னாக. இல்லை, அவுக மேல ஏன் பழியைப் போடணும், நானாத்தான் எழுதுனேன். உனக்குத் தெரிஞ்சா உன் முகத்துல தெரியும், முகத்துல தெரிஞ்சா மாமாவுக்குத் தெரியும். அதான் பயந்தேன்.

வீட்டுக்காரம்மாவுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு தினமும் யூனிஃபார்மை மாட்டிக்கிட்டுக் கிளம்புறாக. விடியுமுன்ன மார்க்கெட்டுல மூட்டை இறக்குறாக. மத்தியானம் வந்து படுக்குறாக, "நைட் ஷிப்ட்"னு வெளிய சொல்லிக்கிறோம். ஐ.டி.ஐ படிச்ச ஃபிட்டரு, கோஸ் மூட்டை தூக்குறாக. அதுகூட அவுகளுக்குப் பெருசாத் தெரியலை. "எங்கப்பா சொன்னது பலிச்சிருச்சே"ங்கிறதுதான் ராத்திரியெல்லாம் புலம்பல். இந்த நேரத்துல மாமா வந்து "சொன்னேனே"ன்னு ஒரு வார்த்தை சொன்னா இவுக தாங்க மாட்டாக. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன். நிறுத்து.

ராஜலட்சுமி


வேப்பனப்பள்ளி
9-7-2003

அண்ணி,

உங்க கடுதாசி நேத்து சாயங்காலம்தான் கைக்கு வந்துது. அப்பா நேத்து விடிகாலையே லாரி ஏறிட்டாரு. ரெண்டு மூட்டை ராகி, புளி, ஒரு பலாப்பழம், ஒரு கோழி. வெள்ளை வேட்டி. டிரைவர் மாதப்பன் பக்கத்துல உக்காந்துக்கினு, சட்டைப் பையில அந்தப் பேப்பரு.

நீங்க என்கிட்டச் சொல்லியிருக்கலாம். என் மூஞ்சி காட்டிக் குடுக்கும்னு எழுதியிருக்கீங்களே, அது நெசந்தான். ஆனா எனக்கு அழுகையா வருது. மண்டியில எல்லாரும் கண்ணுல பால் பட்டுடுச்சான்னு கேக்கறாங்க, ஆமான்னு சொல்லிட்டேன்.

என்ன ஆச்சுன்னு உடனே எழுதுங்க. எங்கப்பா நாக்கு அப்பிடி, பொறுத்துக்குங்க.

பூங்கொடி


ஓசூர்
14-7-2003

பிரியமுள்ள பூங்கொடிக்கு, எல்லாரும் நலம். மாமா ஊர் வந்து சேந்திருப்பாக. அவுக உன்கிட்ட என்ன சொன்னாகளோ, ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாக. நடந்தது இதுதான்.

நான் வாசல்ல துணி காயப்போட்டுக்கிட்டிருக்கேன். லைன் வீட்டு முனையில ஒரு ஆளு, தோள்ல மூட்டை, கையில கோழி. "சென்னகிருஷ்ணன் வீடு எது?"ன்னு எட்டு வீட்டுக்கும் கேக்குற மாதிரி ஒரு குரல். துணியை அப்படியே கொடியில விட்டேன். வாங்க மாமான்னேன். நாலு வருசத்துல அவுக என்கிட்ட முதல்ல பேசுன பேச்சு என்ன தெரியுமா? "தண்ணி இருக்குதாம்மா? கோழிக்கு."

உள்ள வந்து உக்காந்தாக. அஸ்வின் கோழியைத் துரத்திக்கிட்டு மூணு பாசையிலயும் கத்துறான். அவனையே பாத்துக்கிட்டிருந்தாக, தூக்கலை. கொஞ்ச நேரத்துல அவனே போய் மடியில ஏறிட்டான்.

மத்தியானம் இவுக வந்தாக. வாசல்ல செருப்பைப் பாத்ததுமே முகம் செத்துப்போச்சு. மாமா சட்டைப் பையிலருந்து பேப்பரை எடுத்து நீட்டுனாக. "கம்பெனியை மூடிட்டானாமே. பேப்பர்ல போட்டிருக்குது."

இவுக வாங்கி முன்னயும் பின்னயும் பாத்தாக. "அப்பா, இது ரெண்டாயிரம் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த பேப்பரு."

"பழசோ புதுசோ. மூடிட்டானா இல்லையா, அதைச் சொல்லு."

நான் அடுப்படியில நின்னு வேண்டாத சாமி இல்லை. இவுக பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டு, "மூடிட்டாங்கப்பா"ன்னாக.

"அப்பப் பேப்பர்ல போட்டது சரிதான்"னு மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாக. "சொன்னேனே"ங்கிற வார்த்தை வரும் வரும்னு பாக்குறேன், வரலை. "களி கிண்டத் தெரியுமாம்மா?"ன்னு என்னைக் கேட்டாக. தெரியாதுன்னேன். அவுகளே எந்திரிச்சு வந்து துடுப்பைப் பிடிச்சாக.

சாப்பிடும்போது இவுகதான் ஆரம்பிச்சாக. "நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. நான் அங்க வந்து நிக்கலை, பார்த்தீங்கல்ல"ன்னு. குரல்ல அவ்வளவு வீம்பு. மாமா உருண்டையைப் பிட்டுக்கிட்டே, "என் வாசல்ல நீ வந்து நிக்காதேன்னுதான சொன்னேன். உன் வாசல்ல நான் வந்து நிக்க மாட்டேன்னு சொன்னேனா?"ன்னு கேட்டாக.

இவுக கை கழுவக் குழாயடிக்குப் போனாக. ரொம்ப நேரம் வரலை. நான் போய்ப் பாக்கலை, விட்டுட்டேன்.

ஏதோ நல்ல நேரம், அந்தப் பழைய பேப்பர் மாமா கையில ஆம்புட்டுச்சு. இல்லைன்னா இந்த ஜென்மத்துல இது நடந்திருக்காது.

அண்ணி,
ராஜலட்சுமி


வேப்பனப்பள்ளி
24-8-2003

அன்புள்ள அண்ணிக்கு, இங்க எல்லாரும் நல்லா இருக்கறோம். பவளம் துள்ளுது. மண்டியை மூடியாச்சு, நேத்து கங்கப்பன் எல்லாருக்கும் பிரியாணி போட்டாரு. அங்க உங்க மூணு பேரு உடம்பும் சுகந்தானே?

அந்தப் பேப்பர் ஆம்புட்டுச்சுன்னு எழுதியிருந்தீங்களே. ஆம்புடலை அண்ணி. தேடினாரு.

பிரியாணி தின்னுக்கினே மாதப்பன் உளறிட்டாரு. ஆனி மாசத்துல ஓசூர் மார்க்கெட்டுக்கு லோடு கொண்டு போனப்ப, அண்ணன் கோஸ் மூட்டை இறக்கறதைப் பார்த்திருக்காரு. கம்பெனி பேரு தெரியக் கூடாதுன்னு யூனிஃபார்ம் சட்டையை உள்பக்கம் வெளிய தெரியறாப்பல திருப்பிப் போட்டிருந்தாராம். வந்து அப்பாகிட்ட மட்டும் சொல்லியிருக்காரு. அப்பா அவரு கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்காரு, "என் பொண்ணுக்குத் தெரியக் கூடாது"ன்னு.

அதுக்கப்புறம்தான் அண்ணி, அப்பா கட்டு கட்டாப் பிரிச்சுப் புரட்டினாரு. எந்தக் கம்பெனியாவது, எந்த வருசமாவது, ஓசூர்ல மூடினாங்கன்னு ஒரு சேதி கிடைக்காதான்னு. சும்மாப் போயி எப்பிடி நிப்பாரு அவரு? பேப்பர்ல போட்டிருந்தா போகலாம் இல்லே. நான் அறிவு கெட்டவ, விளம்பரத்தைக் காட்டி, பழசுன்னு அவருக்கே பாடம் நடத்தினேன்.

நேத்து ராத்திரி கேட்டேன். "புயல் சேதியும் பழசுன்னு தெரிஞ்சுதான் பந்தலைப் பிரிக்க வச்சீங்களா?"ன்னு. "அது தெரியாது. அது ஏமாந்துட்டேன்"னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு.

இன்னொண்ணு. கிருஷ்ணகிரி ஜூஸ் ஃபேக்டரியில மெசின் பார்க்க ஃபிட்டர் தேடறாங்கன்னு கங்கப்பன் சொல்றாரு. அவரு சொன்னா எடுத்துக்குவாங்க, நம்ம வீட்டுலருந்தே பஸ்ல போய் வரலாம். அண்ணனைக் கூப்பிடுங்கன்னு அப்பாகிட்டச் சொன்னா, "நான் கூப்பிட மாட்டேன். வந்தா போன்னும் சொல்ல மாட்டேன்"ங்கறாரு. அண்ணன்கிட்ட எப்பிடியாவது சொல்லிப் பாருங்க.

பூங்கொடி


ஓசூர்
29-9-2003

பிரியமுள்ள பூங்கொடிக்கு, நாங்க நலம். நீயும் மாமாவும் பவளமும் நலமா இருப்பீகன்னு நம்புறேன். ஒரு மாசம் பதில் போடாததுக்குத் திட்டாதே. போட என்கிட்டப் பதில் இல்லை.

உன் கடிதாசியைப் படிச்சுக் காட்டுனேன். சட்டை விசயம் வந்தப்ப எந்திரிச்சு வெளிய போயிட்டாக. அதுக்கப்புறம் ஃபேக்டரி வேலையைப் பத்திப் பேச்செடுத்தா, "நிக்காதேன்னு சொன்ன வாசலுக்கு எந்த முகத்தோட போறது? அவரு வாயால வான்னு சொல்லட்டும்"ங்குறாக. அப்பனும் மகனும் ஒரே அச்சு. நான் தலையில அடிச்சுக்கிட்டு விட்டுட்டேன்.

வர்ற சனிக்கிழமை ஆயுத பூஜை. கம்பெனியில இருந்தப்ப மெசினுக்குப் பொட்டு வச்சு, பொரி கடலையோட வருவாக. இந்த வருசம் பொட்டு வைக்க ஒரு மெசின் இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

நேத்து ஞாயித்துக்கிழமை காலையில போன மனுசன் பொழுது சாயத்தான் வந்தாக. கையெல்லாம் கறுப்பு. எங்கன்னு கேட்டா நேராக் குளிக்கப் போயிட்டாக. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்குற பழைய பேப்பர் கடையில உக்காந்திருந்தாகளாம், எதுத்த வீட்டுக்காரரு பாத்துட்டு வந்து சொன்னாரு.

ராத்திரி ஒரு பேப்பரை என் முன்னாடி விரிச்சாக. "மாங்காய் பறிக்க ஆள் கிடைக்கவில்லை, வேப்பனப்பள்ளி விவசாயிகள் கவலை." எந்த வருசத்துப் பேப்பர்னு பாக்கலாம்னா, மேல் ஓரத்தை ஒரு விரக்கடை கிழிச்சிருந்துச்சு. நான் அவுக முகத்தைப் பாத்தேன். அவுக ஸ்பேனர் பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பிச்சுட்டாக.

சனிக்கிழமை காலைப் பஸ்ல மூணு பேரும் வாரோம். புரட்டாசியில உங்க ஊர் மரத்துல ஒரு காய்கூட இருக்காதுன்னு எனக்கும் தெரியும், அவுகளுக்கும் தெரியும். மாமா என்னன்னு கேட்டா, பேப்பர்ல போட்டிருந்துச்சுன்னு சொல்லுவாக. நீ அந்தப் பேப்பரைத் திருப்பிக் கிருப்பிப் பாத்துராதே. களிக்கு மாவு மட்டும் கூடப் போடு.

இப்படிக்கு உன் அண்ணி,
ராஜலட்சுமி